முக்காட்டுக்குள் கேட்ட குரல்

தவக்காலம், வெள்ளி இரவு

வக்கீல் புரக்டர் நடத்தும் காணி வழக்குக்காக, அவரிடம் வேலை செய்யும் என் கணவர் ஊரூராய்த் தேடிய அந்தக் காணியின் பங்குக்காரி ரோசலின் இன்று தாழ்வுபாடு கிராமத்தில் அகப்பட்டுவிட்டாள். அங்கே அவளுக்கு வேறு பெயராம். இவர் விசாரித்த ஊராட்கள் எல்லோரும் கைவிரித்திருக்கிறார்கள்.

"பிறகெப்பிடிக் கண்டுபிடிச்சனீங்கள்?"

"கோயிலில பொம்பிளையள் முக்காடு போட்டுக்கொண்டு யேசுவின்ர பாடுகளை ஒப்பாரியாப் பாடினவை. அவவின்ர குரல் தனியாக் கேட்டுது. சின்னனில பக்கத்து வீடுதானே."

"இவ்வளவு வருசத்துக்குப் பிறகுமோ?"

"ஓம். அந்தக் குரலை மறக்கேலுமோ?"

சோற்றைப் பிசைந்தபடி தனக்குள் சிரித்துக்கொண்டார்.

இரவில் நான் கதைப்புத்தகம் வாசிப்பேன். என் கணவர் கேட்டபடியே தூங்கிப்போவார். இன்றும் படுக்கையிலிருந்து, "வாசியுமன்" என்றார்.

"தொண்டை கட்டிப்போச்சு" என்றேன்.

"அப்ப வேண்டாம்" என்று திரும்பிப் படுத்துவிட்டார். அதைச் சொன்ன என் குரல் தெளிவாகத்தான் இருந்தது.