பங்கு வாங்கியவர்

தேவனாம்பட்டினம்
3-3-1966

என் செல்ல மகன் தட்சிணாமூர்த்திக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நல்லபடியாக இருக்கிறோம், கொச்சித் தண்ணீர் உன் உடம்புக்கு ஒத்துக்கொண்டதா என்பதுதான் என் கவலை. உன் கடிதத்துக்கு உடனே பதில் போடவில்லை என்று கோபித்துக்கொள்ளாதே, இங்கே ஒரு விஷயம் பஞ்சாயத்து வரைக்கும் போய்விட்டது.

சிதம்பரத்திலிருந்து மீன் ஆராய்ச்சிக்கு வரும் தேவசகாயம் வாத்தியாரை உனக்குத் தெரியாது, நீ போன பிறகு வந்தவர். ஒரு வருஷமாக அப்பாவோடு கட்டுமரத்தில் போய், கடலுக்கடியில் எந்தப் பாறைப் பாரில் எந்த மீன் அடைகிறது என்று பார்த்து எழுதுகிறார். வாந்தி எடுத்துக்கொண்டே துடுப்பும் போடுவார், பாவம். மரத்தில் ஏறியவர்களுக்கெல்லாம் பிடித்த மீனில் பங்கு உண்டல்லவா, அப்பா அவருக்கும் போட்டார், அவரும் சந்தோஷமாக வாங்கிக்கொண்டு போனார். போன வாரம் பார்த்தால் நம் பார்களையெல்லாம் குறித்து மேப் போட்டு, புஸ்தகத்தில் அச்சடிக்கப் போகிறேன் என்று கொண்டுவந்து காட்டுகிறார். அதைப் பார்த்து விசைப்படகுக்காரன் வந்து வாரிக்கொண்டு போனால் நாம் எங்கே போவது? கூட்டிப்போனவர் அப்பா, அதனால் ஊர் அப்பாவைத்தான் நிறுத்தியது. மேப் வெளியே போனால் அப்பாவின் கட்டுமரம் கடலில் இறங்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அப்பா இரண்டு நாள் சோறே தின்னவில்லை.

வாத்தியாரையும் கூப்பிட்டார்கள், வந்து மணலில் உட்கார்ந்தார். பஞ்சாயத்தை நடத்திய நாட்டார் சாமிக்கண்ணு மாமா, பங்கு வாங்குனவரு எங்க ஆளு சார், எங்க ஆளு எடத்த வெளில சொல்ல மாட்டான் என்று மெதுவாகத்தான் சொன்னார். அந்த மேப் இருந்தால்தான் வாத்தியாருக்குப் பெரிய பட்டம் கிடைக்குமாம். அப்படியும் அவர் மேப்பை அப்பா கையில் கொடுத்து, மீனப் பத்தி மட்டும் எழுதுறேன், அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி இங்கயே வந்து படிச்சுக் காட்டுறேன், தப்பு இருந்தா சொல்லுங்க என்றார். மறுநாள் அப்பாவோடு கடலுக்கும் போனார். எனக்கு அவரை நினைத்தால் மனசு கேட்கவில்லை.

நீயும் அங்கே மீன்காரர்கள் வள்ளத்தில் போய், அவர்கள் பிடிக்கும் இடங்களை மேப் போட்டு உன் ஆபீசில் கொடுப்பதாகப் பெருமையாக எழுதியிருந்தாய். பஞ்சாயத்து முடிந்த அன்று அதை அப்பாவுக்கு மறுபடி படித்துக் காட்டினேன், பாதியிலேயே எழுந்து போய்விட்டார்.

சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளி, ஓட்டல் சாப்பாட்டைக் குறை, பெண் பார்க்கட்டுமா என்றால் மட்டும் காது கேட்காதவன் மாதிரி இருக்காதே. நீ நூறு வயசு நன்றாக இருக்க வேண்டும். அந்த மீன்காரர்கள் உனக்குப் பங்கு கொடுத்தார்களா, நீ வாங்கினாயா என்று மறக்காமல் எழுது. அப்பா வாய் திறந்து கேட்க மாட்டார், நான் கேட்கிறேன்.

இப்படிக்கு,
உன் அம்மா
கா. தில்லையம்மாள்