கீறல் எட்டிய ஊர்கள்

அத்தை,

நேற்று ராஜபாளையம் பேருந்தில் அந்தப் பாட்டைப் போட்டார்கள். ஓட்டுநரின் பென் டிரைவ். துடைத்து எடுத்த ஒலி, பாடகி மூச்சு இழுப்பதுகூடக் கேட்டது. இரண்டாவது சரணத்தின் முடிவில் அவள் வருவாயா என்று கேட்கும் இடம் வந்தது. கேட்டாள். நான் இன்னொரு முறை கேட்டேன், கொஞ்சம் சத்தமாகவே. பாட்டு அதற்குள் அடுத்த வரிக்குப் போய்விட்டது. பக்கத்து இருக்கைக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

ஊரெல்லாம் அவள் ஒரு முறைதான் கேட்கிறாள். சங்கரன்கோவிலில் இரண்டு முறை.

நீங்கள் போன பிறகு அந்தப் பாட்டை நான் கேட்டது நேற்றுத்தான்.

எனக்கு அது எப்போதும் இரண்டு முறைதான். தபால் ஆபீஸ் வேலையிலிருந்து நீங்கள் வந்து கால் கழுவும்போது, துணி மடிக்கும்போது, மாவு அரைபடும் சத்தத்துக்கு மேலே. நீங்கள் அப்படித்தான் பாடினீர்கள். வேறு மாதிரிக் கேட்டது ராயகிரிக் கல்யாணத்தில். மேடையில் நீங்கள். ஒரே முறை கேட்டீர்கள், நிற்காமல் அடுத்த வரிக்குப் போனீர்கள். திரும்பும் பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து, பட்டுச்சேலை முந்தானையைச் சுருட்டி மடியில் வைத்திருந்தீர்கள்.

"என்ன அத்தை, மறந்துட்டீங்களா?"

"மறப்பேனா? ராயகிரிக்கு வேற சவுண்டு செட்டு, மக்கா. அங்கன ஒருக்காதான்."

அந்தப் பேருந்துப் பயணத்தில்தான் முழுக் கதையும் எனக்குக் கிடைத்தது. உங்கள் சிரிப்பில் பாதி வார்த்தைகள் தொலைந்தன. விட்டுப்போனதைப் பின்னால் அப்பா நிரப்பினார்.

அப்போது நம் சங்கரன்கோவில் பக்கம் கல்யாணம், சடங்கு, காதுகுத்து எதுவானாலும் ஒரே சவுண்ட் சர்வீஸ். ஒரே பெட்டி நிறைய இசைத்தட்டுகள். வாசுதேவநல்லூர்க் கல்யாணம் ஒன்றில் மாப்பிள்ளைத் தோழன் ஒருவன், பிடித்த இடத்தைத் திரும்பக் கேட்க ஆசைப்பட்டு, ஊசியைக் கையாலேயே பின்னுக்கு இழுத்தானாம். கீறல் விழுந்தது. அதன் பிறகு அந்த இடம் வந்ததும் ஊசி பின்னால் குதிக்கும். அவள் மறுபடி கேட்பாள். சவுண்ட் சர்வீஸ்காரர் விரலால் லேசாகத் தட்டுவார். பாட்டு நகரும்.

வேறு தட்டு வாங்க அவருக்குத் தோன்றவில்லை. யாரும் குறை சொல்லவும் இல்லை. பனைமர உயரத்தில் கட்டிய ஒலிபெருக்கிக் குழாயில் கேட்டவர்களுக்கு ஊசியும் தெரியாது, விரலும் தெரியாது. விசைத்தறிக் கூடங்களில், தறிச் சத்தத்தை மீறி, இரண்டு முறை கேட்டுப் பாடினார்கள். பெண்கள் பூக்கட்டும்போது இரண்டு முறை கேட்டார்கள். நீங்களும் அப்படிக் கற்றவர்தான். அந்தத் தட்டை நீங்கள் கண்ணால் பார்த்ததே இல்லை.

பிறகு கோயிலின் ஆடித்தபசுத் திருவிழாக் கச்சேரி.

திருநெல்வேலியிலிருந்து இன்னிசைக் குழு வந்திருந்தது. பாட வந்த பெண்ணுக்குத் தொண்டை கட்டிவிட்டது. உள்ளூரில் யாராவது பாடுவார்களா என்று மைக்கில் கேட்டார்கள். உங்கள் தம்பி, அதாவது என் அப்பா, கூட்டத்தின் நடுவிலிருந்து கத்தினார்: "எங்க அக்கா பாடுவா!"

நீங்கள் அப்போது தட்டச்சு படித்துக்கொண்டிருந்தீர்கள். மேடையில் பாட வேண்டும் என்று பல வருடமாகத் தாத்தாவிடம் கேட்டு, பல வருடமாக மறுக்கப்பட்டவர். தாலுகா ஆபீஸ்காரரான அவர் அன்று முன்வரிசை நாற்காலியில் இருந்தார். அத்தனை பேர் முன்னால் மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை. அருகில் கூப்பிட்டு, மெதுவாகச் சொன்னார்:

"ஒரே ஒரு பாட்டு. தப்பு வந்துச்சோ, இதோட சரி. பொறவு மேடை, பாட்டுன்னு வாயத் தொறக்கக் கூடாது, பாத்துக்க."

ஒத்திகை கிடையாது. இந்தப் பாட்டு தெரியுமா என்றார் ஆர்மோனியக்காரர். தெரியும் என்றீர்கள்.

பல்லவி நன்றாக வந்தது. முதல் சரணமும். இரண்டாவதன் முடிவில் வருவாயா என்று கேட்டீர்கள். மறுபடி கேட்டீர்கள். வாத்தியங்கள் உங்களை விட்டுவிட்டு முன்னால் போயின. பிறகு தடுமாறி, ஒவ்வொன்றாக நின்றன. தபலா கடைசியாக.



நீங்கள் தாத்தாவைப் பார்க்கவில்லை. கூட்டத்தைப் பார்க்கவில்லை. திரும்பி ஆர்மோனியக்காரரை முறைத்தீர்கள்.

"என்னம்மா, ரெண்டாந்தடவ எங்கேருந்து வருது? ரிக்கார்டுல ஒரு தடவதானே?"

"எங்க ஊரு ரிக்கார்டுல ரெண்டு தடவ அண்ணாச்சி."

மைக் திறந்தே இருந்தது. கூட்டம் எழுந்துவிட்டது.

"ஏ பொட்டிக்காரரே, ஒழுங்கா வாசியும் வே!"

"பாட்டு தெரியாமலா திருநெல்வேலில இருந்து கெளம்பி வந்தீரு?"

"அந்தப் புள்ள சரியாத்தான் பாடுது. நீரு எட்டிப் பிடியும்!"

ஆர்மோனியக்காரர் கும்பிடு போட்டார். சரணத்தை முதலிலிருந்து எடுத்தார்கள். அந்த இடம் வந்தது. முதல் முறை நீங்கள் தனியாகக் கேட்டீர்கள். இரண்டாவது முறை திடலே சேர்ந்து கேட்டது. அப்பா சொல்வார், மேலே குழாயில் உங்கள் குரல் கேட்கவே இல்லையாம், அவ்வளவு சத்தம்.

கச்சேரி முடிந்ததும் சவுண்ட் சர்வீஸ்காரர் தலையைச் சொறிந்துகொண்டு வந்தார். "அது கீறல் தாயி. தட்டுல கீறல். நாந்தான் ஒவ்வொரு தடவையும் தட்டி விடுவேன்."

அப்போதுதான் தெரிந்தது உங்களுக்கு. தாத்தா பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். வீட்டுக்கு நடந்தீர்கள். தெற்கு ரதவீதி திரும்பும்போது அவர் சொன்னார்.

"அப்ப தப்பாத்தான் பாடிருக்க."

"ஆமாப்பா."

"நான் சொன்னது ஞாபகம் இருக்கா?"

"இருக்கு. நீங்க ரெண்டாவது தடவ சேந்து பாடுனதும் ஞாபகம் இருக்கு. மேடையில இருந்து பாத்தேன்."

தாத்தா தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறி, மறுபடி போட்டுக்கொண்டார்.

"சரி சரி. நடட்டி. வாய் மட்டும் கொறச்சல் இல்ல."

அடுத்த கச்சேரி தென்காசியில். பேருந்தில் உங்களைக் கூட்டிப்போனது தாத்தாதான்.

உங்களை நான் வியப்பது அதற்குப் பிறகு நீங்கள் செய்ததற்காக. பாட்டின் சரியான வடிவம் தெரிந்துவிட்டது. வேறு ஒருவராக இருந்தால் அன்றோடு பழையதைக் கைவிட்டிருப்பார், வெட்கத்தில். அல்லது பிடிவாதமாக எல்லா ஊரிலும் இரண்டு முறை பாடியிருப்பார். நீங்கள் ஒவ்வொரு ஊரிலும் மேடை ஏறுமுன் அங்கே செட்டுப் போடுபவரைத் தேடிப் போவீர்கள். "இங்கன அந்தத் தட்டு யாருது அண்ணாச்சி?" வாசுதேவநல்லூர் என்றால் இரண்டு. ராயகிரி, தென்காசி என்றால் ஒன்று. அந்தக் கீறல் எந்த ஊர்வரை எட்டியது என்று அறிந்தவர் நீங்கள் ஒருவர்தான். ஒலிநாடா வந்தது, தட்டுப் பெட்டி பரணுக்குப் போனது, செட்டுக்காரர்கள் மாறினார்கள். நீங்கள் கேட்பதை நிறுத்தவில்லை. யார் எப்படிக் கேட்டு வளர்ந்தார்களோ அப்படியே அவர்களுக்குப் பாடினீர்கள்.

அப்பா இன்னும் உங்கள் அந்த முறைப்பை நடித்துக் காட்டுவார். புருவத்தை அதிகமாகத் தூக்குகிறார். சரியாக வருவதில்லை.

எல்லாம் நின்றுபோகிற கணங்கள் எனக்கும் வருகின்றன. நான் உடனே என்னிடம் பிழை தேடுகிறேன். படிப்பு கொடுத்த பழக்கம். நீங்கள் அன்று தேடவில்லை. ஊரோடு சேர்ந்து கற்றதை ஊரின் முன் நின்று நம்பினீர்கள்.

போன மாதம் கருத்தரங்கில் நம் பக்கத்துக் கதைப்பாடல் ஒன்றைப் படித்தேன். பாதியில் ஒருவர் நிறுத்தினார். அச்சில் முடிவு இப்படி இல்லையே என்றார். மன்னிக்கணும் சார் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "எங்க ஊர்ல இப்படித்தான் பாடுதாங்க" என்று வந்தது. மேலே படித்தேன். தாள் கையில் ஆடியது.

உங்களிடம் எவ்வளவோ கேட்டிருக்கிறேன். இதை மட்டும் கேட்காமல் விட்டேன். அண்ணாச்சி என்று மைக்கில் அத்தனை தெளிவாகச் சொன்னீர்களே, அத்தை, அப்போது உங்கள் கை நடுங்கியதா?