கேம்ப் ரோடு பலகையில் இருக்கும் என் முகத்தை இறக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
ஞா. பியூலா (வயது 21),
த/பெ ஞானையா,
14/3, இரண்டாவது குறுக்குத் தெரு,
சேலையூர், தாம்பரம் கிழக்கு,
சென்னை – 600 073.

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
செங்கல்பட்டு.

பொருள்: விண்முகடு கலை அறிவியல் கல்லூரி கேம்ப் ரோட்டில் வைத்துள்ள விளம்பரப் பலகையிலிருந்து எனது படத்தை அகற்றவும், செல்வி சத்யபிரியாவின் மாற்றுச் சான்றிதழை 18.07.2025 வெள்ளிக்கிழமைக்குள் மீட்டுத் தரவும் வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: இதே பலகை குறித்து மூன்று வெவ்வேறு அலுவலகங்களில் 23.06.2025, 30.06.2025, 08.07.2025 ஆகிய நாட்களில் நான் கொடுத்த மனுக்கள். எழுத்துமூலம் பதில் எதுவும் இல்லை.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு வணக்கம்.

1. நான் மேற்படி கல்லூரியில் பி.எஸ்சி. கணினி அறிவியல் முடித்து இரண்டு மாதம் ஆகிறது. தற்போது மேற்குத் தாம்பரத்தில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடும் வேலை பார்க்கிறேன். அந்த வேலையைக் குறைவாகச் சொல்லவில்லை. ஆனால் கேம்ப் ரோட்டில் மூன்று மாடிக் கட்டடத்தின் மேல் நிற்கும் பலகை வேறு கதை சொல்கிறது. அதில் நான் பட்டமளிப்பு அங்கி அணிந்து, மூன்று தடித்த புத்தகங்களை அணைத்துக்கொண்டு சிரிக்கிறேன். "படிக்கும்போதே வேலை! எங்கள் மாணவி, எங்கள் பெருமை" என்று கீழே எழுதியிருக்கிறார்கள். கல்லூரி எனக்கு எந்த வேலையும் வாங்கித் தரவில்லை. கடைக்குத் துணி எடுக்க வருகிறவர்கள் என்னை உற்றுப் பார்த்துவிட்டு, போர்டில் இருப்பது உன் அக்காவா என்று கேட்கிறார்கள்.

2. அந்தப் படம் நான் பட்டம் பெற்றபோது எடுத்தது அல்ல. கல்லூரியில் சேர்ந்த இரண்டாவது மாதத்தில் எடுத்தது. மக்கள் தொடர்பு அலுவலர் திரு. கஸ்தூரிரங்கன் ஒரு காலையில் எங்கள் வகுப்புக்கு வந்து, எல்லோரையும் சிரிக்கச் சொன்னார். மதிப்பெண்ணும் கேட்கவில்லை, பெயரும் கேட்கவில்லை. பல்வரிசையைப் பார்த்துப் பன்னிரண்டு பேரைப் பொறுக்கினார். நாங்கள் பன்னிரண்டு பேரும் அன்று ஒரே நாளில் மூன்று வருடத்தையும் வாழ்ந்து முடித்தோம். ஒன்பது மணிக்கு வாடகை அங்கியில் பட்டம் வாங்கினோம். பத்தரைக்கு நாடகம் போட்டோம். பிறகு வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு விஞ்ஞானிகளானோம். எனக்குக் கொடுத்த நுண்ணோக்கியில் லென்ஸ் இல்லை. கண்ணை வைத்துப் பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை. ஆச்சரியப்படுவது போல் முகத்தை வைத்துக்கொள்ளச் சொன்னார்கள், வைத்துக்கொண்டேன். என் வகுப்பு ஜேசன் கால்பந்து அணித் தலைவனாக நின்றான். பந்தைக் கடையில் திருப்பிக் கொடுக்க வேண்டும், தரையில் பட்டால் அழுக்காகிவிடும் என்று அவனிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள். மூன்று வருடத்தில் அந்தக் கல்லூரியில் நான் பார்த்த ஒரே பந்து அது.

3. மதியம் நூலகத்தைத் திறந்தார்கள். இரும்பு பீரோக்களின் பூட்டைக் கழற்றி, புத்தகங்களை மேசைமேல் அடுக்கினார்கள். விளக்குகளைச் சரிசெய்ய முக்கால் மணி நேரம் ஆயிற்று. அந்த நேரத்தில் என் கையில் இருந்த புத்தகத்தைச் சும்மா பிரித்தேன். கணினிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்வது எப்படி என்பதைப் பற்றிய புத்தகம். நான்கு பக்கம் படித்தேன். புரிந்தது. இனி இப்படித்தான் மூன்று வருடமும் இருக்கப்போகிறது என்று நினைத்து எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. அப்போது ஒரு படம் எடுத்தார்கள். அங்கியோடு எடுத்த உடலில் இந்த முகத்தைத்தான் ஒட்டிப் பலகையில் ஏற்றியிருக்கிறார்கள். ஆகவே பலகையில் உள்ள சிரிப்பு பொய்ச் சிரிப்பு என்று நான் சொல்ல வரவில்லை. அது நிஜமான சிரிப்பு. அதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. மறுநாள் அந்தப் புத்தகத்தின் ஐந்தாம் பக்கத்தைப் படிக்கப் போனபோது பீரோ பூட்டியிருந்தது. போட்டோ எடுத்து முடித்தாயிற்றே, இன்னும் எதற்கு என்று உதவியாளர் கேட்டார். கடைசி நாள் வரை அந்தப் பீரோவைத் திறந்து நான் பார்க்கவில்லை.

4. இந்தக் கல்லூரியை ஏன் தேர்ந்தெடுத்தாய் என்று தாங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. நான் பிளஸ் டூ முடித்த வருடம் அதே கட்டடத்தின் மேல் வேறொரு பெண் ஒலிவாங்கி முன்பு நின்று பேசிக்கொண்டிருந்தாள். பள்ளியில் நான் பேச்சுப் போட்டியில் பரிசு வாங்கியவள். அவளைப் பார்த்துவிட்டு, வேறு எந்தக் கல்லூரியும் வேண்டாம் என்று அப்பாவிடம் இரண்டு நாள் சாப்பிடாமல் அடம்பிடித்தேன். இன்னொரு கல்லூரிக்கு வாங்கி வைத்திருந்த விண்ணப்பத்தை நானே கிழித்தேன். சென்ற வருடம் ஒரு செல்போன் கடையில் கவுண்டருக்கு அந்தப் பக்கம் அந்தப் பெண்ணைப் பார்த்தேன். பெயர் ஷீலா. என் கல்லூரி அடையாள அட்டையைப் பார்த்ததும், இப்போது பலகையில் இருப்பவள் நான்தான் என்று தெரிந்துகொண்டார். "உன்னியும் நிக்க வெச்சிட்டாங்களா?" என்று மட்டும் கேட்டார். அந்த ஒலிவாங்கிக்கு ஒயர் கிடையாதாம்.

5. இப்போது நான் செய்த குற்றத்துக்கு வருகிறேன். கடந்த மே மாதம் கடைசிப் பருவத் தேர்வுக்கு முன், மூன்று நாள் சேர்க்கை அரங்கில் 'மூத்த மாணவி' என்ற பட்டையைக் குத்திக்கொண்டு உட்கார்ந்தால்தான் எனக்கு நுழைவுச்சீட்டு கிடைக்கும் என்றார் திரு. கஸ்தூரிரங்கன். உட்கார்ந்தேன். மூன்றாம் நாள் திருமதி. கங்கம்மா தன் மகள் சத்யபிரியாவுடன் வந்தார். இவர் எங்கள் பக்கத்துத் தெருக்காரர். பள்ளிக்கரணையில் ஒரு அலுவலகக் கட்டடத்தைக் கூட்டித் துடைக்கும் வேலை பார்க்கிறார். தினமும் அந்தப் பலகையைத் தாண்டித்தான் அவர் பேருந்து போகிறது. சத்யபிரியா சனிக்கிழமைகளில் அம்மாவோடு போய், அங்கே சதுப்பு நிலத்தில் இறங்கும் பறவைகளை ஒரு கோடு போட்ட நோட்டில் வரைந்து வைக்கிற பெண். விலங்கியல் படிக்க வேண்டும் என்பது அவள் ஆசை. பலகையின் ஓரத்தில் நான் நுண்ணோக்கியைப் பார்க்கும் சிறிய படம் ஒன்றும் இருக்கிறது, அதை அம்மாவுக்குக் காட்டியவளே அவள்தான். கங்கம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ சொல்லு பாப்பா, இது நல்ல காலேஜா?" என்று கேட்டார். என் நாற்காலிக்குப் பின்னால் திரு. கஸ்தூரிரங்கன் நின்றார். நான், "நல்லா இருக்கும் ஆன்ட்டி" என்றேன். சத்யபிரியா அங்கேயே சேர்ந்தாள். மாற்றுச் சான்றிதழை அன்றே வாங்கிப் பூட்டிக்கொண்டார்கள்.

6. இதற்கு நுழைவுச்சீட்டைக் காரணம் காட்டி நான் தப்பிக்க விரும்பவில்லை. ஒரு தேர்வை விட்டிருக்கலாம். விடவில்லை.

7. கடந்த 4ஆம் தேதி சத்யபிரியாவுக்கு அரசுக் கலைக் கல்லூரி ஒன்றில் விலங்கியல் இடம் கிடைத்தது. பிளஸ் டூ ஆசிரியை ஒருவர் முன்பே விண்ணப்பம் போட வைத்திருந்தார். அடுத்த நாள் சனிக்கிழமை அந்தக் கல்லூரிக்கு நான் நேரில் போய்ப் பார்த்தேன். கட்டடம் பழையது, சுவரில் காரை பெயர்ந்திருக்கிறது, வாசலில் யாருடைய சிரித்த முகமும் இல்லை. ஆய்வகத்தில் பசங்கள் நுண்ணோக்கிக்கு வரிசையில் நின்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது. சேர வேண்டிய கடைசி நாள் வரும் வெள்ளிக்கிழமை. மாற்றுச் சான்றிதழ் இல்லாமல் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள்.

8. மறுநாள் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் நேராகக் கங்கம்மா வீட்டுக்குப் போனேன். பீரோ, நுண்ணோக்கி, பந்து எல்லாவற்றையும் சொன்னேன். மே மாதம் நான் சொன்னது பொய் என்றும் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. அதைவிட மோசமாக, என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டார். நான் பொறாமையில் பேசுகிறேன் என்று நினைத்துக்கொண்டார். "நீ படிச்சி போர்டுல நிக்கலாம், எம் பொண்ணு நிக்கக் கூடாதா?" என்று கேட்டார். பஸ்ஸில் கூட வரும் பெண்களிடமெல்லாம் என் படத்தைக் காட்டி, எங்கள் பக்கத்துத் தெருப் பெண் என்று பெருமையாகச் சொல்லி வந்தவர் அவர். எதிரில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்த என்னை அவர் நம்பவில்லை. சத்யபிரியா பறவை நோட்டை மூடி அலமாரியில் வைத்தாள். ஆகஸ்ட் 2ஆம் தேதி இரண்டு நல்ல சுடிதாருடன் வரச் சொல்லி அவளுக்குச் செய்தி வந்திருக்கிறதாம். போட்டோ எடுக்கப்போகிறார்களாம்.

9. தாய் கையெழுத்திட்ட கடிதம் இல்லாமல் சான்றிதழைத் தர முடியாது என்கிறது கல்லூரி. பலகை இருக்கும் வரை அந்தத் தாய் கையெழுத்திட மாட்டார். என் படத்தையாவது எடுங்கள் என்று கேட்டதற்கு, சேர்க்கையின்போது நான் கையெழுத்துப் போட்ட பதினேழு தாள்களில் ஒன்றைத் திரு. கஸ்தூரிரங்கன் எடுத்துக் காட்டினார். படத்தைப் பயன்படுத்த நான் சம்மதித்திருக்கிறேனாம். அடுத்த முகம் தயாரானதும் தானாகவே இறக்கிவிடுவோம், அவசரப்படாதே என்று ரொம்பத் தன்மையாகச் சொன்னார். அவர் எப்போதுமே தன்மையாகத்தான் பேசுவார்.

10. அரசு அலுவலகங்கள் குறித்தும் சொல்லியாக வேண்டும். முதல் அலுவலகம், அது தனியார் கட்டடத்தின் மொட்டைமாடி, எங்களுக்கு வராது என்றது. இரண்டாவது அலுவலகம், சாலையைப் பார்த்து நிற்பதால் எங்களுக்கு வரும், ஆனால் பாதிக்கப்பட்டவர் வந்து புகார் தர வேண்டும் என்றது. நான்தான் பாதிக்கப்பட்டவள் என்றேன். அங்கிருந்த எழுத்தர் என் கைப்பேசியில் பலகையைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "படம் நல்லாத்தானேம்மா வந்திருக்கு" என்றார். மூன்றாவது இடத்தில், அசிங்கமாகப் போட்டிருந்தால் நடவடிக்கை எடுக்கலாம், அழகாகப் போட்டிருப்பதற்கு என்ன செய்வது என்று கேட்டார்கள். மூன்று இடத்திலும் உட்கார நாற்காலி தந்தார்கள் என்பதை நன்றியோடு பதிவு செய்கிறேன்.

11. ஆகவே தாங்கள் கீழ்க்கண்டவற்றைச் செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

அ) பலகையை வெள்ளிக்கிழமைக்குள் இறக்க வேண்டும். முடியாவிட்டால் என் முகத்தின் மேல் ஒரு வெள்ளைத் துணியாவது கட்ட வேண்டும். துணி நான் தருகிறேன்.

ஆ) முன்னறிவிப்பு இல்லாமல் ஒரு அதிகாரியை அனுப்பி, நூலகப் பீரோவைத் திறக்கச் சொல்ல வேண்டும். முன்கூட்டிச் சொன்னால் புத்தகங்கள் மேசைக்கு வந்துவிடும், பந்தும் வந்துவிடும்.

இ) திருமதி. கங்கம்மாவைத் தங்கள் அலுவலகத்துக்கு அழைத்து, அந்த அதிகாரி கண்டதை அவரிடம் நேரில் சொல்ல வேண்டும். நான் சொல்லி அவர் கேட்கவில்லை. முத்திரை வைத்த தாளில் இருந்தால் கேட்பார். அதன் பின் சத்யபிரியாவின் சான்றிதழை அன்றே வாங்கித் தர வேண்டும்.

ஈ) மே மாதம் நான் சொன்ன பொய்க்காக என்மீது எடுக்க வேண்டிய நடவடிக்கை ஏதும் இருந்தால் அதையும் எடுக்கலாம். நான் மறுக்க மாட்டேன்.

12. கடைசியாக ஒன்று. இந்த மனுவை என் மானத்துக்காக எழுதுகிறேன் என்று தங்கள் அலுவலகத்தில் யாராவது குறிப்பு எழுதினால் அது தவறு. நான் இன்னும் மூன்று வாரம் வாயை மூடிக்கொண்டு இருந்தாலே போதும், என் படத்தை அவர்களே இறக்கிவிடுவார்கள். எனக்கு நிம்மதி கிடைத்துவிடும். அந்த இடத்தில் சத்யபிரியா ஏறுவாள். அவளும் அன்று நிஜமாகவே சிரிப்பாள்.

நாள்: 14.07.2025
இடம்: சேலையூர்

இப்படிக்கு,
பலகையில் இருப்பவர்,
(ஞா. பியூலா)

இணைப்பு:
1. விளம்பரப் பலகையின் படம், கேம்ப் ரோடு பேருந்து நிறுத்தத்திலிருந்து எடுத்தது.
2. அரசுக் கல்லூரியில் சத்யபிரியாவுக்கு இடம் ஒதுக்கிய ஆணையின் நகல்.
3. மனுதாரரின் தற்போதைய புகைப்படம் ஒன்று, சிரிக்காமல் எடுத்தது.