நாய்க்கு வால்வு, எனக்குத் திட்டு

என் வீட்டுக்காரிக்கு,

நீயும் பிள்ளைங்களும் சுகம்தானே? உன் முட்டிவலி தேவலையா? எனக்கு உடம்புக்கு ஒண்ணும் இல்லை, எரிச்சல்தான். மூணாவது தடவையா லீவு கேட்டேன். ஆளில்லைன்னு திருப்பிட்டாங்க.

அந்தக் கடுப்புலதான் இந்தக் கூத்து. எங்க மிருக ஆஸ்பத்திரியில ஒரு கிழட்டு நாய்க்கு நெஞ்சைத் திறந்து இதய வால்வைச் சரி பண்ணாங்க. வளர்த்தவரைக் கண்டா துள்ளும், தையல் பிரிஞ்சிடும்னு ரெண்டு நாள் அவரை உள்ளே விடல. தடுத்து நிறுத்துறது என் வேலை. பாவம், அந்த மனுஷர் தன் பழைய சட்டை ஒண்ணைக் கொண்டுவந்து, "இதைப் பக்கத்துல போடுங்க"ன்னார். ஒரே வேர்வை நாத்தம். வார்டு சுத்தமா இருக்கணுமேன்னு சோப்பு போட்டு அலசி, காயவச்சுப் போட்டேன். நாய் மோந்து பார்த்துட்டு மூஞ்சியைத் திருப்பிக்கிச்சு. சோறு தண்ணி எதையும் தொடல.

"அந்த வாசனைக்குத்தானேய்யா சட்டை! அதைப் போய் துவைச்சியா?"ன்னு டாக்டர் எல்லார் முன்னாடியும் கிழிச்சுட்டார். சுத்தமா வச்சதுக்குத் திட்டு!

மறுபடி அந்த மனுஷர்கிட்டப் போய் இன்னொரு சட்டை கேட்டேன். உடம்புல இருந்த சட்டையையே கழட்டித் தந்துட்டு, பனியனோட வீட்டுக்குப் போனார். நாய் அதுல மூக்கைப் புதைச்சுது. அப்புறம் அஞ்சே நிமிஷத்துல கிண்ணம் காலி.

நீ கவலைப்படாதே, வேலை போகல. பார்சல்ல தைலம், ரெண்டு பனியன், நீ கட்டின பழைய புடவை ஒண்ணு வை. போன தடவை போர்வையை அனுப்பின மாதிரி துவைச்சு, இஸ்திரி போட்டுத் தொலைக்காதே. டியூட்டிக்கு நேரமாச்சு. புடவையை அப்படியே அனுப்பு.

உன் வீட்டுக்காரன்