நுனி இல்லாத நூல்

2 ஆகஸ்ட் 1988, செவ்வாய்

மழை. நாற்றுப் பண்ணையில் மதியமே வேலை விட்டாகிவிட்டது. வீட்டில் நுழைந்ததும் அம்மா சொன்னார்: "ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் தஞ்சோங் காராங்கிலேருந்து ஒன்னப் பாக்க வராங்க. பையன் பேரு ராஃபேல். லோரி ஓட்டுறான்."

தேநீர் காலில் கொட்டியது. எனக்குப் பதினேழு. மாப்பிள்ளையின் அம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டாராம்: "முடி இடுப்பு வரைக்கும்னாங்களே, நெசமா?"

நான் சரி என்று சொல்லவில்லை. யாரும் கேட்கவுமில்லை.

5 ஆகஸ்ட், வெள்ளி

பெரியப்பா மகள் யூஜினியா அக்கா பல்கலைக்கழகத்திலிருந்து வந்திருக்கிறாள். திங்கட்கிழமை வகுப்பில் பேச வேண்டுமாம். என்னை உட்கார வைத்துப் பேசிப் பார்த்தாள்.

"டிஎன்ஏ ரெண்டு நூலு மாதிரி, முறுக்கிக்கிட்டுக் கெடக்கும். கிருமிக்குள்ள அது வட்டமா இருக்கும், நுனியே கெடையாது. அதப் பிரிக்கிறது ஹெலிகேஸ்னு ஒரு புரோட்டீன். ஆறு துண்டு சேந்து ஒரு வளையம். ஒரு நூல மட்டும் உள்ள விட்டுக்கிட்டு ஓடும். இன்னொன்ன வெளிய ஒதுக்கிரும்."

"எனக்குள்ளயுமா?"

"பிரிக்கிறதுக்குன்னு ஒன்னு இல்லாமலா நீ இவ்வளவு வளந்த?"

நான் பண்ணையில் நாற்றுப் பைகளில் மண் நிரப்பும்போதும், தூங்கும்போதும்? யாரைக் கேட்டு ஓடுகிறது அது?

6 ஆகஸ்ட், சனி



அந்த வளையம் ஓடுவதைக் கண்ணால் பார்க்கணும் என்று நான்தான் கேட்டேன். அக்கா என் முடியை இரண்டு புரியாக முறுக்கினாள். துணி துவைக்கும்போது அம்மா கழற்றி மாதா சுரூபத்தடியில் வைக்கும் கல்யாண மோதிரத்தை எடுத்து, ஒரு புரியில் மட்டும் கோத்து மேலே தள்ளினாள். பின்னால் முடி பிரிந்துகொண்டே வந்தது. கைதட்டினேன். ஆனால் முன்னால் முறுக்கு ஏறி ஏறி, கழுத்தருகே முடிச்சாகி — நின்றுவிட்டது.

"ஐயையோ, இத மறந்துட்டேன்! முன்னால ஏறுற முறுக்குக்கு வேற ஒரு புரோட்டீன் இருக்கு. நூல வெட்டி, முறுக்க எறக்கிட்டு, திரும்ப ஒட்டிரும்."

"முடிய ஒட்ட முடியாதேக்கா!"

எண்ணெய், சவர்க்காரம், எதற்கும் அசையவில்லை. அம்மா வந்தார். அடிப்பார் என்று நினைத்தேன். "தட்டான் கடைக்குப் போயி மோதிரத்த வெட்டிரலாம். முடி போனா நாளைக்கு ஒன்னும் இல்ல" என்றார்.

அப்பா போட்ட மோதிரம். அப்பாவை அடக்கம் செய்த அன்றுகூட அம்மா கழற்றவில்லை. அதையா? எனக்காகவா?

கத்தரிக்கோலை எடுத்தேன். என் கைதானா அது?

7 ஆகஸ்ட், ஞாயிறு

வேன் நிறைய வந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா என் கழுத்தைப் பார்த்துவிட்டுத் தேநீரைக் கீழே வைத்தார். "என்னம்மா இது கூத்து?"

மோதிரம் முடியில் சிக்கிய கதையை அம்மா சொன்னார். ராஃபேல் மட்டும் சிரித்தான். "மோதிரம் எப்படி மாட்டும் லா?"

நான் பேசினேன். எப்படிப் பேசினேன்! தலை நிமிரவில்லை, ஆனால் வாய் நிற்கவில்லை. ஆறு துண்டு, வளையம், முறுக்கு, எல்லாம். யாரும் கேக்கைத் தொடவில்லை.

வாசலில் அந்த அம்மா: "வாயில்லாப் பூச்சின்னுல்ல சொன்னாங்க."

8 ஆகஸ்ட், திங்கள்

அம்மா பேசவில்லை.

13 ஆகஸ்ட், சனி

அக்கா வந்தாள். வெட்டிய என் முடியையும் ஒரு திரைச்சீலை வளையத்தையும் வைத்துத்தான் வகுப்பில் பேசினாளாம். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஆனால் வாரம் முழுக்க உறுத்தியதைக் கேட்டேன்: "முடிக்கு நுனி இருக்கு, கோத்தோம். அந்த வட்ட நூலுக்குத்தான் நுனி இல்லையேக்கா. வளையம் எப்படி ஏறுச்சு?"

"ஏத்திவிட வேற ஒரு புரோட்டீன் இருக்கு. எப்படி ஏத்துதுன்னு யாருக்கும் சரியாத் தெரியாதாம்."

வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த அம்மா கத்தியை வைத்துவிட்டார். "யாருக்குமேவா? அவ்வளவு படிச்சவங்களுக்குமா?"

ஆறு நாளுக்குப் பிறகு அம்மாவின் குரல்.

29 ஆகஸ்ட், திங்கள்

அம்மா வேலைக்கு லீவு போட்டுவிட்டு என்னை என் பழைய பள்ளிக்கு அழைத்துப்போனார். படிவம் மூன்றின் அரசாங்கப் பரீட்சை எஸ்.ஆர்.பி.யைத் தனியாக எழுத என்ன செய்ய வேண்டும் என்று கேட்கத்தான். படிவம் இரண்டில், எட்டாம் வருடத்திலேயே படிப்பை நிறுத்திய பெண்ணுக்கு இப்போது எதற்குப் பரீட்சை என்று அலுவலகத்தில் இருந்தவர் கேட்டார். நான் வழக்கம்போல் தரையைப் பார்த்தேன்.

அம்மா மோதிரம் போட்ட கையை மேசைமேல் வைத்து, தனக்குத் தெரிந்த மலாயில் சொன்னார்: "அவளுக்கு ஒரு கேள்வி இருக்கு."