ஒரே பல்பு, இரண்டு வெளிச்சம்

செவ்வாய்க்கிழமை இரவு.

எனக்கு எழுதத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல இந்த போன்தான் எழுதிக்கொள்கிறது.

என் வீட்டுக்காரி மங்கைக்கு வலது கண்ணில் புரை எடுத்து, இன்று கட்டைப் பிரித்தார்கள். வீட்டுக்கு வந்து சமையல் அறை விளக்கைப் போட்டதும் என் மேல் பாய்ந்தாள்.

"நான் இல்லாத நேரம் பல்ப மாத்திட்டியாய்யா? கண்ணு கூசுது, நீலமா அடிக்குது."

"அதே பல்புதான்டி. மஞ்சளா எரியுதுன்னு கடைக்காரர்கிட்ட மூணு தடவ சண்ட போட்டு, வெள்ளையா வேணும்னு நீ மாத்தி வாங்கியாந்தது."

அவள் ஒரு கண்ணைப் பொத்திப் பார்த்தாள். பிறகு மறு கண்ணை.

"இந்தக் கண்ணுல நீலம். அந்தக் கண்ணுல டீத்தண்ணி. பாவம்யா அந்தக் கடைக்காரரு!"

மஞ்சள் பல்பில் இல்லை, கண்ணுக்குள் இருந்திருக்கிறது. எனக்கும் இரண்டு கண்ணிலும் புரை. கத்தி என்றால் பயம், ஒரு வருடமாகத் தள்ளிப்போடுகிறேன். மில்லில் சாயம் போட்ட நூலை ஒருமுறை பார்த்தால் நிறம் மறக்காதவன் நான். இப்போது எதை நம்புவது?

கண் கூசுவதால் படுக்கிற அறைக்கு இனி மஞ்சள் பல்பே போதும் என்கிறாள். நான் மறுத்துப் பேச வாயைத் திறந்தேன்.

"ஒன் கண்ண சரி பண்ணிட்டு வந்து பேசு" என்றாள்.

பிறகு கண்ணாடி முன்னால் நெடுநேரம் நின்றாள். "எவ்ளோ வெள்ளைய்யா என் முடி" என்றாள். எனக்கு இன்னும் பழுப்பாகத்தான் தெரிகிறது. அந்த வெள்ளையைப் பார்க்காமல் போய்விடக் கூடாது. நாளைக்கே டாக்டரிடம் நாள் கேட்கப் போகிறேன்.