அசையாத பச்சைக் கோடு

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். நாங்கள் இருவரும் சுகம், நீங்கள் மூவரும் சுகம் என்று தெரிந்தால்தான் அது முழுச் சுகம். அப்பாவின் தொண்டையில் ஆபரேஷன் செய்த புண் நன்றாக ஆறிவிட்டது, இனி வர வேண்டாம் என்றே டாக்டர் சொல்லிவிட்டார். குரல் மட்டும் பழையபடி வராதாம். பட்டறையில் மெஷின் சத்தத்துக்கு மேல் கத்தி வேலை வாங்கிய மனிதர் இப்போது காற்றும் கரகரப்புமாகத்தான் பேசுகிறார். நீ இன்னும் அந்தக் குரலைக் கேட்கவே இல்லை, அது ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

போன வாரம் நீ, "அப்பாவுக்கு என் மேல இருக்கற கோபம் தீரவே தீராதாம்மா?" என்று கேட்டாய். ஆபரேஷனுக்கு நீ வர முடியாமல் போனதால்தான், ஞாயிறுதோறும் நீ கம்ப்யூட்டரில் கூப்பிடும்போது அவர் வாயைத் திறப்பதில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். அவரானால், தான் பேசப் பேசப் பிள்ளை பதிலே சொல்லாமல் வைத்துவிடுகிறான் என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறார். கழுத்துத் தழும்பை நீ பார்க்கக் கூடாது என்று கம்ப்யூட்டர் கேமராவில் பிளாஸ்திரி ஒட்டியதும் அவர்தான். நானோ, அப்பாவும் பிள்ளையும் மனம்விட்டுப் பேசட்டும் என்று ஒவ்வொரு தடவையும் எழுந்து சமையலறைக்குப் போய்விடுவேன், பெரிய புத்திசாலி என்ற நினைப்பு.

நேற்று நம் பேரக்குட்டிக்குப் பிறந்தநாள் வாழ்த்து சொல்லிப் பதிவு செய்தார். போட்டுக் கேட்டால் ஒரு சத்தமும் இல்லை. லினக்ஸ் போட்ட கம்ப்யூட்டர், எதைத் தொட்டாலும் கெடாது என்று நீ சொன்ன தைரியத்தில் ஒலி அளவு வைக்கும் பக்கத்தைத் திறந்தேன். அங்கே இரண்டு மைக் இருந்தன. மேலே இருந்தது நிஜ மைக், கீழே இருந்தது மின்விசிறிச் சத்தம் உனக்குக் கேட்காமலிருக்க நீ அங்கிருந்தே போட்டு வைத்த இரைச்சல் வடிகட்டி. எங்கள் பேச்சு அதன் வழியாகத்தான் உனக்கு வருகிறது. நான் பேசினால், சத்தம் வருவதைக் காட்டும் பச்சைக் கோடு இரண்டிலும் குதித்தது. அப்பாவைப் பேப்பர் படிக்கச் சொன்னேன், மேல் கோடு மட்டும் குதித்தது, கீழ்க் கோடு அசையவே இல்லை. அளவைக் கூட்டினேன், மைக் வயரைப் பிடுங்கி மாட்டினேன், ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் அவரைச் சும்மா இருக்கச் சொல்லிவிட்டு மின்விசிறியைப் போட்டேன். அதற்கும் அதே கதை, மேலே ஆட்டம், கீழே ஒன்றுமில்லை. அப்போதுதான் புரிந்தது, அது அப்பாவையும் இரைச்சல் என்று எடுத்துக்கொண்டு வடிகட்டியிருக்கிறது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் சிரிக்கிறார். மெஷினோடயே கிடந்தேன்ல, என்னையும் மெஷின்னு நினைச்சிடுச்சு போல என்கிறார்.

இத்தனை வாரமும் அவனிடம் என்னதான் சொன்னீர்கள் என்று கேட்டேன். ஒன்றையேதான் திரும்பத் திரும்பச் சொன்னாராம். "நீ வராததே நல்லதுடா. அந்தக் கோலத்துல பாத்திருந்தா நீ தாங்கிருக்க மாட்ட."

நிஜ மைக்கையே வைத்துவிட்டேன். நீ நல்லதுக்குத்தான் செய்தாய், அதை நினைத்து மனசைக் குழப்பிக்கொள்ளாதே. ஞாயிற்றுக்கிழமை நீ பேசும்போது மின்விசிறியை நிறுத்திவிடுகிறோம், கொஞ்சம் வியர்த்தால் ஒன்றும் குறைந்துவிடாது. நீயும் அங்கிருந்து மறுபடி எதையும் சரிசெய்து வைக்காதே. வேளைக்குச் சாப்பிடு, மருமகளிடம் எரிந்து விழாதே. மூவரும் நோய் நொடியில்லாமல் நிறைவாக இருங்கள்.

இப்படிக்கு,
உன் அம்மா

பி.கு.: நாற்காலியை இழுக்கிற மாதிரி ஒரு கரகரப்பு கேட்டால் லைன் சரியில்லை என்று வைத்துவிடாதே. அதுதான் அப்பா.